கல்தச்சர் மகன் கிறிஸ்டியன் டாப்ளர்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் கடும் வயிற்றுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கணையத்தில் அழற்சி என்றனர் மருத்துவர்கள். மறுநாள் வெறும் வயிற்றோடு ஸ்கேன் எடுத்து வரும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் கடைசி வரியில் டாப்ளர் என்று ஒரு சொல் இருந்தது. அது ஸ்கேன் கருவி செய்கின்ற கம்பெனியின் பெயர் என்றே தோழி எண்ணினாள். பள்ளிக்கு வந்து எங்களிடம் சொன்னபோது நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். எங்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டர்தான் சிரித்துவிட்டு, அது கம்பெனியின் பெயர் அல்ல, 1853-ஆம் ஆண்டிலேயே இறந்துபோன ஒரு மனிதரின் பெயர் என்று கூறினார். மின்விளக்குகூட வீடுகளுக்கு வராத காலத்தில் இறந்தவருக்கும் ஸ்கேன் கருவிக்கும் என்ன தொடர்பு? அதைத் தேடிப் படித்தபோது கிடைத்த வரலாறுதான் இது.

ஆஸ்திரியா நாட்டின் மலைச்சாரலில் உள்ள அழகிய நகரம் சால்ஸ்பர்க். பல நூற்றாண்டுகளாகப் பேராயர்களே மன்னர்களைப் போல அதனை ஆண்டு வந்தார்கள். அந்த ஆட்சி முடிவுற்ற அதே 1803-ஆம் ஆண்டில், நவம்பர் 29-ஆம் நாள், கிறிஸ்டியன் டாப்ளர் பிறந்தார். இசைமேதை மோசார்ட்டின் குடும்பம் முன்பு குடியிருந்த சதுக்கத்திலேயே அவர்கள் வீடும் இருந்தது. இசையின் சுருதி ஏன் உயர்கிறது, ஏன் தாழ்கிறது என்பதற்கு விதி கண்டவர் அங்கே பிறந்தது எவ்வளவு பொருத்தம்!

டாப்ளரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சுத் தொழில் செய்து வந்தது. தந்தையார் பெயர் பெற்ற கல்தச்சர். பாறையை உடைப்பதற்கும் பளிங்கைச் செதுக்குவதற்கும் உடலில் வலு வேண்டும். சிறுவன் கிறிஸ்டியனோ மெலிந்த உடலும் அடிக்கடி நோயும் உடையவன். உளியும் சுத்தியும் இவனுக்கு ஆகாது என்று குடும்பத்தார் கண்டுகொண்டனர். ஆனால் அவனிடம் கணிதத் திறமை இருந்தது. சைமன் ஸ்டாம்ஃபர் என்னும் கணித ஆசிரியர் அதனை அறிந்து, வியன்னாவில் இருந்த பாலிடெக்னிக் கழகத்துக்கு அவரை அனுப்பச் சொன்னார். 1822-ல் டாப்ளர் வியன்னா சென்றார். பலவீனமான உடலே அவரைப் புத்தகத்தின் பக்கம் திருப்பிவிட்டது எனலாம்.

படிப்பு முடிந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஒரு கணிதப் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார். அந்தப் பணியும் காலவரையறை உடையது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களுக்கு விண்ணப்பித்தார். வயிற்றுப்பாட்டிற்காக ஒரு பஞ்சு நூற்பாலையில் சுமார் ஒன்றரை ஆண்டுகள் கணக்கு எழுதினார். வயது முப்பதைக் கடந்துவிட்டது. இனி இந்த நாட்டில் நமக்கு இடமில்லை என்று முடிவு செய்து, 1835-ல் தம் உடைமைகளை விற்றுவிட்டு, அமெரிக்கா செல்ல ஆயத்தமானார். மியூனிக் நகருக்குப் போய் அமெரிக்கத் தூதரக அதிகாரியையும் பார்த்துவிட்டார். அப்போதுதான் பிராக் நகரின் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பதவி தருவதாகச் செய்தி வந்தது. கப்பல் ஏறவிருந்தவர் பிராகில் நின்றார். மறு ஆண்டு மெதில்டா என்னும் பொற்கொல்லர் மகளை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர்.

பிராக் வாழ்க்கை சுகமானதல்ல. 1841-ல் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஆனபின் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதும் தேர்வு நடத்துவதும் அவர் ஒருவர் தலைமீதே விழுந்தன. அவர் வைத்த தேர்வுகள் மிகக் கடினம் என்று மாணவர்கள் மேலிடத்தில் முறையிட்டு, விசாரணையே நடந்தது. பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இந்த இடத்தில் மாணவர் பக்கமே மனம் சாய்கிறது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். ஆனால் அவருடைய நெஞ்சு நோய் வலுத்ததும் இந்த ஓய்வில்லாத உழைப்பில்தான்.

இந்த அலைச்சலுக்கு நடுவேதான் 1842-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் வந்தது. அன்று பிராகில் இருந்த அரச பொஹீமிய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் டாப்ளர் ஒரு கட்டுரை வாசித்தார். வந்திருந்தவர்கள் மிகச் சிலரே. கட்டுரை இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது. ஒன்றையொன்று சுற்றி வரும் விண்மீன்களில் சில நீலமாகவும் சில செந்நிறமாகவும் தோன்றுவது ஏன் என்பதே கேள்வி. அவர் சொன்ன விடையை நாம் ஒரு படகை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கடலில் அலைகள் ஒரே சீராகக் கரையை நோக்கி வருகின்றன. அசையாமல் நிற்கும் படகின்மேல் நிமிடத்திற்குப் பத்து அலைகள் மோதுகின்றன என்று கொள்வோம். அந்தப் படகு அலைகளை எதிர்த்துச் சென்றால் பத்துக்கும் மேற்பட்ட அலைகள் மோதும். அலைகள் போகும் திசையிலேயே சென்றால் பத்துக்கும் குறைவாகவே மோதும். அலையை எழுப்புவது நகர்ந்தாலும் இப்படித்தான். கடலில் எழும் அலைக்கு மட்டுமல்ல, ஒலியலைக்கும் ஒளியலைக்கும் இதுவே விதி என்றார் டாப்ளர்.

ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்றிருந்த எல்லாருக்கும் இது தெரியும். நிற்காமல் போகும் விரைவு வண்டி ஊதிக்கொண்டே வரும்போது ஊதல் கீச்சென்று ஒலிக்கிறது. நம்மைக் கடந்த அக்கணமே சுருதி சட்டென்று இறங்கிவிடுகிறது. வண்டிக்குள் இருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. இதனை நாம் ஆயிரம் முறை கேட்டிருந்தும் ஏன் என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

டாப்ளரின் விதி சரியானது. ஆனால் அவர் காட்டிய உதாரணம் தவறு. இதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. விண்மீன்கள் யாவும் இயல்பில் வெண்மையே, வேகத்தினால்தான் நிறம் மாறித் தோன்றுகின்றன என்று அவர் எண்ணினார். உண்மையில் விண்மீனின் நிறம் முக்கியமாக அதன் வெப்பத்தைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும்படி நிறத்தை மாற்ற வேண்டுமானால் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்கு விண்மீன் பாய வேண்டும். அத்தகைய வேகம் இந்த விண்மீன்களுக்கு இல்லை. இப்படி விதி சரியாகவும் உதாரணம் பிழையாகவும் அமைந்ததால், பிழையைக் கண்டவர்கள் விதியையும் சேர்த்தே தள்ளப் பார்த்தார்கள்.

துணை நின்றவர்களும் உண்டு. அவர்களுள் பெர்னார்ட் போல்சானோ என்னும் கத்தோலிக்கக் குருவானவர் முக்கியமானவர். பெரிய கணித மேதையாகிய அவர், தம் கருத்துகளுக்காகப் பல்கலைக்கழகப் பதவியை முன்பே இழந்தவர். முதுமையிலும் டாப்ளரின் கொள்கையை ஆதரித்து எழுதினார்.

ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் பாய்ஸ் பாலட் என்னும் இளம் விஞ்ஞானி இருந்தார். அவருக்கு டாப்ளரின் கூற்றில் ஐயம். வாதம் செய்து காலம் கழிக்காமல் அவர் சோதனையில் இறங்கினார். அப்போது ரயில் வண்டி உலகுக்குப் புதிது. எஞ்சினுடன் இணைத்த திறந்த வண்டியில் கொம்பு வாத்தியக்காரர்களை ஏற்றி ஒரே சுருதியை ஊதச் சொன்னார். சுருதி பேதத்தை நுட்பமாக அறியும் இசைவாணர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்தினார். 1845 பிப்ரவரியில் நடந்த முதல் முயற்சி பனியிலும் குளிரிலும் கெட்டது. ஜூன் மாதம் மீண்டும் நடத்தினார். வண்டி நெருங்கும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் சொன்னதே மெய் என்று பாய்ஸ் பாலட் ஒப்புக்கொண்டார். விண்மீன் நிறத்தைப் பற்றிய பகுதியை மட்டும் அவர் ஏற்கவில்லை. இரண்டிலும் அவர் தீர்ப்பு சரியாகவே இருந்தது. இந்த நேர்மை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1847-ல் டாப்ளர் ஷெம்னிட்ஸ் என்னும் சுரங்க நகரின் கல்விக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே புரட்சி வெடித்தது. அமைதி நாடி வியன்னா வந்தார். தம்மை முதன்முதலில் கைதூக்கிவிட்ட ஸ்டாம்ஃபர் வகித்த பதவியே அங்கு அவருக்குக் கிடைத்தது. 1850 ஜனவரியில் வியன்னா பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய பௌதிகக் கழகத்துக்கு அவரே முதல் இயக்குநர் ஆனார். ஒரு காலத்தில் நூற்பாலையில் கணக்கெழுதியவர்!

அந்தக் கழகத்துக்கு 1851-ல் மாணவராக வந்தார் ஒரு துறவி. புர்னோ நகரின் அகுஸ்தினார் சபை மடத்தைச் சேர்ந்தவர். ஆசிரியர் தகுதித் தேர்வில் முந்திய ஆண்டு தோற்றுப் போனவர். மடத்து அதிபர் அவரை மேலும் படிக்க வியன்னாவுக்கு அனுப்பியிருந்தார். அவர் பெயர் கிரகோர் மெண்டல். ஆம், எங்கள் பாடநூலில் பட்டாணிச் செடியோடு வருகின்ற அதே மெண்டல்! டாப்ளரின் வகுப்பில் அவர் பௌதிகச் சோதனை முறைகளைக் கற்றார். பின்னாளில் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டாரே, அந்த எண்ணும் பழக்கத்தில் வியன்னா வகுப்பறைக்கும் பங்குண்டு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடினமான தேர்வு வைப்பவர் என்று பெயரெடுத்த டாப்ளரும் தேர்வில் தோற்ற மெண்டலும் ஒரே கூரையின்கீழ் சந்தித்தார்கள் என்பதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் பெரிய ஆரவாரம் எழுந்தது.

டாப்ளருக்கு அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. 1852-ல் வியன்னா விஞ்ஞானக் கழகத்தில் யோசேப் பெட்ஸ்வால் என்பவர் அவர்மீது போர் தொடுத்தார். பெட்ஸ்வால் சாமானியர் அல்லர். புகைப்படக் கருவிக்குச் சிறந்த லென்ஸ் கணக்கிட்டுத் தந்த கணித வல்லுநர். சில வரிகளில் அடங்கும் எளிய கணக்கைக் கொண்டு இயற்கையின் பெரிய விதியைக் கண்டுவிட முடியாது, உயர்ந்த சமன்பாடுகள் இன்றி அறிவியல் இல்லை என்பது அவர் வாதம். காற்று வீசும்போதும் வாத்தியங்களின் சுருதி மாறுவதில்லையே, ஆகவே டாப்ளர் விதி பொய் என்றும் காட்ட முயன்றார். அவர் சொன்ன கணக்கு தன்னளவில் சரிதான். ஆனால் அது ஒலிப்பவரும் கேட்பவரும் அசையாதிருக்க, இடையில் உள்ள காற்று மட்டும் அசையும் நிலைக்குரியது. டாப்ளர் பேசியதோ ஒலிப்பவரோ கேட்பவரோ நகரும் நிலையைப் பற்றி. இரண்டும் வெவ்வேறு என்பது அந்தச் சபையில் பலருக்குப் புலப்படவில்லை. விதியின் எளிமையே அதற்குக் குற்றமாக நின்றது.

டாப்ளர் பதில் சொன்னார். ஆயினும் உடலில் வலு இல்லை. நெஞ்சு நோய் முற்றியிருந்தது. வெப்பமான காற்று நலம் தரும் என்று 1852 நவம்பரில் வெனிஸ் நகருக்குச் சென்றார். அங்கு 1853 மார்ச் 17-ஆம் நாள் தமது 49-ஆம் வயதில் இறந்தார். அதிதூதர் மிக்கேலின் பெயர் தாங்கிய தீவில்தான் வெனிஸ் நகரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே அவரை அடக்கம் செய்தார்கள். இன்று அங்கு ஒரு நினைவுக் கல் உண்டு. கல்லறை இருந்த இடம்தான் தெரியவில்லை. எத்தனையோ கல்லறைகளுக்குக் கல் செதுக்கிய குலத்தில் பிறந்தவர்!

அவர் இறந்தபோது வழக்கு தீரவில்லை. 1860-ல் ஏர்ன்ஸ்ட் மாக் என்னும் விஞ்ஞானி சோதனையால் டாப்ளரின் விதியை மீண்டும் நிறுவினார். 1868-ல் வில்லியம் ஹக்கின்ஸ் விண்மீன் ஒளியின் கோடுகள் சற்றே நகர்ந்திருப்பதை அளந்து, அதிலிருந்து விண்மீனின் வேகத்தைக் கணிக்க முற்பட்டார். மொத்த நிறம் மாறுவதில்லை, ஒளியின் கோடுகள் நகர்கின்றன என்பதே டாப்ளர் காணாமல் விட்ட உண்மை. ஆனால் அவருடைய விதி விண்ணிலிருந்து மனித உடலுக்குள் இறங்க மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. 1950-களில் ஜப்பானின் ஒசாகா நகரில் சிகெவோ சத்தோமுரா என்பவர் காதுக்குக் கேளாத ஒலியை நெஞ்சின்மேல் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியின் மாற்றத்தால் இதயத்தின் அசைவை அறிந்தார். 1980-களில் அந்த மாற்றத்தை நிறங்களாகத் திரையில் காட்டும் கருவிகள் வந்தன.

இனி தோழியின் தந்தையார் படுத்திருந்த ஸ்கேன் அறைக்கு வருவோம். கணையம் எளிதில் கண்ணில் படாத உறுப்பு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே ஒளிந்து கிடக்கிறது. இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று ஒலியலையைத் தடுத்துவிடும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அதற்காகத்தான். சிலரைத் தண்ணீர் குடிக்கச் செய்து, அந்த நீரையே ஜன்னலாக்கிப் பார்ப்பதும் உண்டு. வயிற்றில் ஜெல் தடவி கருவியின் முனையை வைக்கும் மருத்துவர் பலவேளைகளில் கணையத்தை நேராகத் தேடுவதில்லை. மண்ணீரலிலிருந்து வரும் சிரை ஒன்று கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. அதை முதலில் கண்டுபிடித்தால் அதற்கு முன்னே கிடப்பது கணையம். குடலிலிருந்து வரும் சிரையும் இதுவும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து கல்லீரலுக்குச் செல்கின்றன. ஊரில் கோவில் கோபுரத்தைப் பார்த்து வீட்டுக்கு வழி காண்பது போல, இந்த நாளங்களைப் பார்த்துத்தான் கணையத்துக்கு வழி காண்கிறார்கள்.

நாளம் இருந்தால் மட்டும் போதுமா? அதில் இரத்தம் ஓட வேண்டும் அல்லவா? கணையத்தில் அழற்சி கண்டால், அதை ஒட்டிய சிரையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுண்டு. கணையத்தில் கட்டி இருந்தால் அது பக்கத்து நாளங்களைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா என்பதை வைத்தே அறுவை செய்யலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார்கள். இங்கேதான் டாப்ளர் வருகிறார். கருவி வினாடிக்குச் சுமார் முப்பது லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உள்ளே அனுப்புகிறது. நமது காது கேட்பது இருபதாயிரம் வரைதான். ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றே மாறி வருகிறது. இரத்தம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி நேராக ஓடி வந்தால் அந்த மாற்றம் ஏறக்குறைய இரண்டாயிரம் அதிர்வுகள். நாங்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். வியப்பு என்னவென்றால் இரண்டாயிரம் என்பது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலி! ஆகவே அந்த மாற்றத்தை ஒலிபெருக்கியில் விட்டால், இரத்தம் ஓடுவதை நாமே கேட்கலாம்.

திரையில் வழக்கமாகக் கருவியை நோக்கி வரும் இரத்தத்துக்குச் சிவப்பும், விலகிச் செல்லும் இரத்தத்துக்கு நீலமும் தருகிறார்கள். நெருங்கும் விண்மீன் நீலத்தை நோக்கியும் விலகுவது சிவப்பை நோக்கியும் மாறும் என்றல்லவா டாப்ளர் சொன்னார்? இங்கே நிறங்கள் தலைகீழ். இவை வெறும் அடையாளத்துக்காக வைத்த நிறங்கள். மண்ணீரல் சிரை முதுகெலும்பின்மேல் வில்போல வளைந்து செல்வதால், ஏறி வரும் பாதி சிவப்பாகவும் இறங்கும் பாதி நீலமாகவும் ஒரே நாளத்தில் தெரியும். வளைவின் உச்சியில் இரத்தம் ஒலிக்கதிருக்குக் குறுக்காக, செங்கோணத்தில் ஓடுகிறது. நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. அதனால் அங்கு மாற்றமும் இல்லை, திரை கறுத்துவிடுகிறது. அனுபவம் இல்லாதவர் அதை அடைப்பு என்று எண்ணி அஞ்சக்கூடும். தேர்ந்த மருத்துவர் முனையைச் சற்றே சாய்த்துப் பார்ப்பார். உறைந்த நாளம் எப்படிச் சாய்த்தாலும் கறுப்பாகவே இருக்கும்.

தோழியின் தந்தையாருக்கு முனையைச் சாய்த்தபோது நிறம் வந்தது. சிரையில் அடைப்பு இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குத் தோழியும் உடன் சென்றாள். மருத்துவர் அவளுக்காக ஒலியைத் திறந்துவிட்டாராம். தமனியின் ஒலி ஒவ்வொரு துடிப்புக்கும் சாட்டை சொடுக்கியதுபோல வந்தது என்றும், சிரையின் ஒலி சவுக்குத் தோப்பில் காற்று அடிப்பதுபோல ஓயாமல் கேட்டது என்றும் சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் மதிய இடைவேளையில் வாயாலேயே அந்த இரண்டு ஒலிகளையும் எழுப்பிக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்து பார்த்தோம். சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் வாசலிலேயே நின்று, சிரையின் ஒலி இன்னும் கொஞ்சம் மெதுவாக இருக்க வேண்டும் என்று திருத்திவிட்டுப் போனார்.